பல் பிடுங்கிய சனிக்கிழமை

வீட்டில் யார் வாய் கொப்பளித்தாலும் நாகலெட்சுமி அக்கா வாசல் சாக்கடைக் கானில் விழும் தண்ணீரைக் குனிந்து பார்ப்பார். விருந்தாளி துப்பினாலும் பார்ப்பார். தேயிலைத் தோட்டத்து லயத்தில் சுவரை ஒட்டிய அடுத்த காம்பராவில் இருக்கும் நான் வருஷக்கணக்காக இதைக் கவனித்து வருகிறேன். முன்பு அவருக்கு இந்தப் பழக்கம் கிடையாது. அறுபத்தொன்றாம் வருஷம் அவருடைய புருஷனுக்குப் பல் பிடுங்கிய சனிக்கிழமையில் தொடங்கியது.

அழகுமுத்து அண்ணன் தாடை வீங்கி, கஞ்சிகூட இறங்காமல் கிடந்தார். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் கஸ்பர் ஐயா சனிக்கிழமைதான் பல் பிடுங்குவார். வலி தெரியாமலிருக்க அக்காவின் தம்பி செல்லசாமி கள்ளத்தனமாகக் காய்ச்சிய கசிப்பு ஒரு போத்தல் கொண்டுவந்தான். "ரெண்டு மடக்கு போதும் மச்சான், பல்லு தானா கழண்டு வந்துரும்" என்று சிரித்தான். அண்ணன் போத்தலையே காலி செய்தார். பிறகு வாடையை மறைக்க வெற்றிலை மென்றார்.

மறைக்கக் காரணம் இருந்தது. குடிவெறியில் ஒருமுறை, காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் விழுந்து கிடந்ததால், இன்னொரு தரம் குடித்தால் வேலையை விட்டு நிறுத்தும் பத்துச் சீட்டுத்தான் என்று தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். தோட்டத்துப் பதிவில் பெயரை வெட்டிவிட்டால் வேலையும் போகும், குடியிருக்கும் காம்பராவும் போகும். குடித்தாயா என்று டிஸ்பென்சர் கேட்டபோது அண்ணன் இல்லையென்று தலையாட்டினார். பேச்சுக் குழறியது வீக்கத்தால் என்றே டிஸ்பென்சர் நினைத்தார். பக்கத்தில் நின்ற அக்கா வாயைத் திறக்கவில்லை.

பல் கழன்று வந்துவிட்டது. அண்ணன் பஞ்சைக் கடித்தபடி வீட்டுக்கு வந்து படுத்தார். கொஞ்ச நேரத்தில் பஞ்சு நனைந்தது. துணியை மடித்து வைத்தோம், அதுவும் நனைந்தது. கானில் துப்பியது சிவப்பாக ஓடியது.

"வெத்தல சாறுதான்க்கா" என்றான் செல்லசாமி.

அக்கா குனிந்து பார்த்தார். கொப்பளிக்கக் கொப்பளிக்க வெற்றிலைச் சாறு வெளுக்க வேண்டும். இது வெளுக்கவில்லை. திருவிழாவுக்கு ஆடு வெட்டினால், சட்டியில் பிடித்த இரத்தம் வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் கட்டியாகிவிடும். இதில் கட்டியே விழவில்லை. அண்ணனின் உதடு வெளிறிக்கொண்டு வந்தது. கூப்பிட்டால் அரைக்கண்தான் திறந்தார்.

"சொன்னா காம்பரா போயிரும் புள்ள" என்றார் அக்கா என்னிடம். சொன்ன கையோடு டிஸ்பென்சரிப் பக்கம் ஓடினார்.

கஸ்பர் ஐயா வந்து ஈறை அழுத்திப் பிடித்தார். பிறகு கையில் குத்தி எடுத்த இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டுச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். உறைய வேண்டிய நேரம் தாண்டியும் அது ஓடியது. இரத்தம் நிற்காத வியாதி குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். செல்லசாமி மெதுவாக வெளியே போய்விட்டான்.

"குடிச்சிருந்தாருங்கய்யா" என்றார் அக்கா. "போத்தல் முழுசும்."

கஸ்பர் ஐயா திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. "மொதல்லயே சொல்லியிருந்தா பல்லத் தொட்டிருக்க மாட்டேம்மா" என்றார். இரத்தம் மூச்சுக்குழலுக்குள் போகாதபடி ஒருக்களித்துப் படுக்க வைத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி வரும்வரை ஈறிலிருந்து விரலை எடுக்காமலே எங்களுக்கு விளக்கினார். காயத்தில் ஒட்டிக்கொண்டு அடைக்கும் நுண்ணிய அணுக்கள் இரத்தத்தில் உண்டாம். ஒரேயடியாகக் குடித்தால் அவை சரியாக ஒட்டாவாம். இரத்தத்தை உறைய வைக்கும் என்சைம்கள் என்று சில இருக்கின்றன, பெரும்பாலும் ஈரலில்தான் உண்டாகின்றன, ஒன்று அடுத்ததைத் தூண்டிவிட்டால்தான் இரத்தம் கட்டியாகும் என்றார். குடித்துக் குடித்து ஈரல் கெட்டவனுக்கு அந்த வேலையும் மந்தமாகிவிடுமாம். கசிப்பில் இன்னும் என்னென்ன கலந்திருந்ததோ என்றும் சொன்னார்.

அக்கா ஒன்றுதான் கேட்டார். "நிக்குமாங்கய்யா?"

"ஆஸ்பத்திரிக்குப் போனாத்தாம்மா தெரியும்."

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, இரத்தமும் ஏற்றினார்கள். நின்றது. ஆனால் லொறி எதற்காகப் போனது என்று துரை கேட்டார், டிஸ்பென்சர் பொய் சொல்லவில்லை. அண்ணனின் பெயரை வெட்டினார்கள். கொழுந்தெடுக்கும் அக்காவுக்குத் தனியாகப் பெயர் இருந்ததால் காம்பரா மிஞ்சியது.

இப்போது அண்ணன் கினிகத்தேனை டவுனில் ஒரு கடையில் மூட்டை தூக்குகிறார். சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வருகிறார். குடிப்பதில்லை என்கிறார், வெற்றிலை மட்டும் போடுகிறார். அவர் வாய் கொப்பளித்தால் அக்கா கானைப் பார்க்கிறார்.