பதினைந்து கிலோவும் ஒரு திதியும்

ஜனவரி 17. மாலை நான்கு மணிக்குச் சற்றுப் பின்னர் மனைவி சமையலறையில் மயங்கி விழுந்தார். மூளையில் இரத்தக் கசிவு.
ஜனவரி 20. காலை 6.40. மருத்துவமனையில் மரணம்.
ஜனவரி 26. தகனம். கிரியைகளை நானே செய்தேன். எமக்கு மகன் இல்லை, ஒரு மகள்.
பெப்ரவரி 19. முப்பத்தோராம் நாள். அந்தியேட்டிக் கிரியை.
மார்ச் 5. தான்சானியாப் பயணத்தை ஓராண்டு பின்தள்ளப் பயண நிறுவனம் சம்மதித்தது. இருவருக்கான பதிவு ஒருவருக்கானது ஆயிற்று. புதிய நாட்கள்: பெப்ரவரி 1 முதல் 11 வரை.
அடுத்த ஆண்டு ஜனவரி 11. பயணப் பைகளைத் திறந்தேன்.
ஜனவரி 13. கோவிலிலிருந்து தொலைபேசி. முதலாம் ஆண்டுத் திதி பெப்ரவரி 8 என அறிந்தேன்.

இந்தப் பதிவில் ஒரு பிழை உண்டு. அது மார்ச் 5 அன்று நான் செய்தது.

ஓராண்டு நிறைவடைய வேண்டும், திவசம் கொடுத்து முடிய வேண்டும், அதன் பின்னரே பயணம் என்று நான் தெளிவாகவே தீர்மானித்திருந்தேன். ஜனவரி 20 இல் இறந்தவருக்கு ஜனவரி 20 இல் ஆண்டு நிறையும். பன்னிரண்டு நாள் கழித்துப் புறப்பட்டால் எந்தக் குறையும் இல்லை என்று கணக்கிட்டேன். நாற்பது ஆண்டுகளாக டென்மார்க்கில் எல்லாவற்றையும் அப்படித்தான் கணக்கிட்டு வந்திருக்கிறேன். திவசம் தை மாதத்தில் அதே திதியில் வரும். திதி நிலவைப் பின்பற்றும். ஆகவே ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும் என்பது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. என் தகப்பனாரின் திவசத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் பஞ்சாங்கம் பார்த்தவள் என் மனைவி. எந்த நாள் என்று அறிவிப்பாள், நான் குளித்துவிட்டு வந்து உட்காருவேன். ஓல்போர்க்கில் இருபத்தெட்டு ஆண்டுகள் நீரோட்டக் கணிதம் கற்பித்தவனுக்கு, தன் வீட்டு நாட்காட்டியைப் பார்க்க வேண்டிய தேவை ஒருமுறையும் வந்ததில்லை.

பயணத்தை இன்னொரு முறை தள்ள முடியாது என்று நிறுவனத்துப் பெண் பணிவாகச் சொன்னார். தள்ளினால் அதற்கடுத்த பெப்ரவரிதான். வேறு மாதத்தில் போய்ப் பயனில்லை. என் மனைவி பிரசவ விடுதியில் மருத்துவிச்சியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். அவளுக்குச் சிங்கத்திலோ யானையிலோ பெரிய அக்கறை இருக்கவில்லை. மாட்டுக்கும் குதிரைக்கும் இடைப்பட்ட தோற்றம் கொண்ட நூ மான்கள், பெப்ரவரி மாதத்தில் புல்வெளியில் கூட்டம் கூட்டமாகக் கன்று ஈனும். விழுந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நிற்கும். பின் தாயோடு ஓடும். அதை நேரில் பார்க்க வேண்டும் என்பாள். "ஒரு டொக்டரும் இல்லை, ஒரு மெஷினும் இல்லை, எப்பிடித்தான் சமாளிக்குதுகளோ எண்டு பாக்கவேணும்" என்பாள். எனக்கு இப்போது எழுபத்தொரு வயது. இடது முழங்கால் நம்பத்தக்கதாக இல்லை. அடுத்த பெப்ரவரி என்பதை நான் ஒரு திட்டமாகக் கொள்ள விரும்பவில்லை.

ஆகவே இரண்டில் ஒன்று. திவசத்துக்கு நிற்பது, அல்லது போவது. இறுதிப் படிவம் ஜனவரி 19க்குள் சென்று சேர வேண்டும். அந்த ஒரு வாரமும் நான் விருந்தினர் அறைக்கும் வரவேற்பறைக்கும் இடையில் நடந்தேன். பையைத் தராசில் நிறுத்தேன். பிரித்தேன். திரும்ப நிறுத்தேன்.

பைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். புல்வெளியில் தங்கும் முகாமுக்குச் செல்லும் சிறிய விமானத்தில் ஆளுக்குப் பதினைந்து கிலோ மட்டும். கைப்பையும் அதற்குள் அடங்கும். சில்லு வைத்த கெட்டிப் பெட்டி ஆகாது. துணிப் பைதான், மூலைமுடுக்கில் அமுக்கி வைக்கத் தக்கதாக. கருநீலமும் கறுப்பும் கூடாது: செட்சி என்னும் கடிக்கும் ஈ அந்த நிறங்களை நாடி வரும். வெள்ளை கூடாது: புழுதி. இராணுவச் சீருடை போன்ற புள்ளித் துணி கூடாது. அதை எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விடிகாலைத் திறந்த வாகனத்துக்குக் கம்பளித் தொப்பியும் தடித்த மேலங்கியும். நண்பகலுக்கு மெல்லிய பருத்தி. மாலையில் நுளம்புக் கடிக்கு நீண்ட கைச் சட்டை. காற்றில் பறக்காதபடி தாடையில் கட்டும் அகன்ற தொப்பி. என் அலுமாரியில் இருந்தவை முழுவதும் கருநீலமும் கறுப்புமே. இந்த நாட்டில் மழைக்கும் வகுப்புக்கும் மரணவீட்டுக்கும் அவை போதுமானவையாக இருந்தன. அவள்தான் காய்ந்த புல் நிறத்தில் எங்கள் இருவருக்கும் எல்லாம் வாங்கினாள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே, டிசம்பர் நத்தார் விடுமுறையில், இரண்டு பைகளையும் அடுக்கி முடித்துவிட்டாள்.

அவள் அடுக்கும் முறை வேறு. கொழும்புக்குப் போன முதல் பயணத்தில் எங்கள் பெட்டி ஒன்று ஒன்பது நாள் வராமல் போயிற்று. அவளிடம் மாற்றுச் சேலைகூட இருக்கவில்லை. அன்றிலிருந்து எந்தப் பையும் ஒருவருக்குரியது அல்ல. ஒவ்வொன்றிலும் பாதி அவளுடையது, பாதி என்னுடையது. ஒன்று தொலைந்தாலும் இருவருக்கும் உடுக்க இருக்கும். உள்ளே ஒவ்வோர் அடுக்கும் கடைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இருமுறை முடிச்சிடப்பட்டிருக்கும்.

ஓராண்டு அவை அப்படியே இருந்தன. ஜனவரி 11 இல் திறந்தபோது, தான்சானியாவுக்குள் பிளாஸ்டிக் பை கொண்டுபோகத் தடை என்று வாசித்திருந்தேன். முடிச்சுகளை அவிழ்த்தேன். அவை அவளுடைய முடிச்சுகள், வெட்டவில்லை. அதற்கு ஒரு பிற்பகல் சென்றது.

பிறகு ஒரு தீர்வு கண்டேன். இரண்டாம் பையிலிருந்த என் உடைகளை எடுத்து முதற் பையில் வைத்தேன். முதற் பையிலிருந்த அவளுடைய உடைகளை நான் தொடவில்லை. மூன்று சட்டை, இரண்டு காற்சட்டை, ஒரு மேலங்கி, கம்பளித் தொப்பி. கொழும்புப் பயணங்களுக்கென்று வாங்கிய கொக்கித் தராசில் தொங்கவிட்டேன். பதினான்கு கிலோ இருநூறு கிராம். வரம்புக்குள் இருந்தது. எதையும் வெளியே எடுக்கத் தேவையில்லை என்று எழுதி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி வந்தது.

கோவில் ஐயர் நடைமுறை அறிந்தவர். பின்னணியில் பாத்திரங்கள் கழுவும் சத்தம் கேட்டது.

"ஐயா, எட்டாந் திகதி திவசம். சாமான் லிஸ்ட் அனுப்பட்டோ?"

நான் நிலைமையை விளக்கினேன்.

"ஆபிரிக்காவோ? சரி. அங்க ஆறு குளம் ஏதும் இருக்கோ?"

"ஏரி ஒன்று இருக்கு. நீர்யானை நிக்குமாம். முதலையும் இருக்கலாம்."

சற்று யோசித்தார். "அப்ப கரையில நிண்டு செய்யுங்கோ. இறங்க வேண்டாம். ஒரு வாளித் தண்ணி எண்டாலும் காணும். எள்ளுந் தண்ணியும் நீங்கள் அங்க இறையுங்கோ. அரிசி, காய்கறி தானத்தை இஞ்ச மகள் வந்து குடுக்கட்டும். படையலை அவ வீட்டில வைக்கலாம். திதியைத்தான் விடக்கூடாது, ஐயா. வேட்டி கொண்டு போறியள்தானே?"

"வெள்ளை உடுக்கக் கூடாதாம்."

"ஆர் சொன்னது?"

"பயண நிறுவனம்."

"அவை திவசத்துக்கு வருவினமோ?"

வைலேயில் இருக்கும் மகளை அழைத்துச் சொன்னேன். அவள் எப்போதும்போல் டேனிஷில் பதில் சொன்னாள். தான் விடுப்பு எடுப்பதாகவும், கோவிலுக்குப் போவதாகவும், படையலுக்கு என்னென்ன கறி என்று எழுதி அனுப்பும்படியும் சொன்னாள். பிறகு தமிழில், "அப்பா, நீங்க போங்கோ. நீங்க போகாட்டி நான் அம்மாட்டச் சொல்லிக்குடுப்பன்" என்றாள். சிறுவயதில் என்னை மிரட்டப் பயன்படுத்திய வாக்கியம் அது. வானிலை பற்றிக் கேட்டேன். வைலேயில் பனி இல்லை என்றாள்.

பதினாறாம் திகதி, என் மனைவியின் தம்பி இக்காஸ்டிலிருந்து காரில் வந்தார். நெசவாலையில் இரவு வேலையும் பகல் வேலையும் மாறி மாறிச் செய்து ஓய்ந்தவர். நான் போகக்கூடாது என்று சொல்வதற்காக வந்தார். போனால் தேவைப்படும் என்று ஒரு பொதியையும் கொண்டு வந்திருந்தார்.

"அத்தான், நீங்கள் படிச்ச ஆள். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனா சனம் என்ன கதைக்கும்? மனுசியின்ர திவசத்தண்டு ஆள் சிங்கம் பாக்கப் போட்டார் எண்டு கதைக்கும்."

"சிங்கம் இல்லை. நூ."

"அது என்ன சாமான்?"

"மான் மாதிரி. மாடு மாதிரியும்."

"மாடு பாக்கவோ அத்தான் ஆபிரிக்காவுக்குப் போறியள்? இக்காஸ்டில நிக்காத மாடோ?"

அவர் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் என்னைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "அக்கா என்னட்டையும் சொன்னவ," என்றார். "கன்று போடுறதைப் பாக்கவேணும் எண்டு. எனக்குத் தெரியும். சனத்துக்குத் தெரியாதெல்லே."

பொதியைப் பிரித்தோம். எள், பச்சையரிசி, தர்ப்பை, விபூதி, சந்தனம், பித்தளைச் செம்பு, சிறு குத்துவிளக்கு, கற்பூரம், சரிகை வேட்டி, சால்வை. ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் பையில், இருமுறை முடிச்சிட்டு. அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் கட்டப் பழகியவர்கள். அடியில் ஒரு கிலோ மிளகாய்த்தூள்.

"இது திவசத்துக்கோ?"

"இல்லை, உங்களுக்கு. அங்க அவங்கள் உப்புப் புளி இல்லாமல்தான் தருவாங்கள்."

கற்பூரம் தீப்பற்றும் பொருள். விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்றேன். எள் அந்த நாட்டிலேயே விளைகிறது. முகாமின் சமையற்காரரிடம் ஒரு பிடி கேட்டுக்கொள்ளலாம் என்றேன். அரிசியும் அவ்வாறே. அவர் ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்து மடியில் வைத்தார். செம்பும் தர்ப்பையும் விபூதியும் சந்தனமும் வேட்டியும் சால்வையும் மட்டும் மேசையில் எஞ்சின. ஆயிரத்து நானூறு கிராம்.

கூட்டல் எளியது. பதினைந்து கிலோ அறுநூறு.

சப்பாத்தைப் பையிலிருந்து எடுத்து, காலில் போட்டுக்கொண்டு போவது என்று தீர்மானித்தேன். அதற்கு ஈடாக, காலில் போவதாக இருந்த செருப்பு உள்ளே வந்தது. தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டலாம் என்றார் மைத்துனர். விமானத்தளத்தில் ஆளையும் பையையும் சேர்த்தே நிறுப்பார்கள் என்று படிவத்தில் இருந்தது. சவரப் பெட்டியை வெளியே வைத்தேன். இரண்டு மெல்லிய புத்தகங்களையும் வெளியே வைத்தேன். அவர் என் கையிலிருந்த தராசை வாங்கித் தானே தூக்கிப் பார்த்தார். பதினைந்து கிலோ முந்நூறு. பையின் திறந்த வாயைப் பார்த்தார். அதற்குள் மேலாக இருந்தது என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காய்ந்த புல் நிறத்தில், என் தோளுக்கு எந்தக் காலத்திலும் அடங்காத ஒரு சட்டை.

"நான் காரை ஒருக்காப் பாத்திட்டு வாறன், அத்தான்," என்று சொல்லி வெளியே போனார். காருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

அவளுக்குச் செய்ய வேண்டியதைக் கொண்டுபோக, அவளுடையவற்றை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. வேறு வழியில் இந்தக் கணக்கைச் செய்து பார்த்தேன். முந்நூறு கிராமுக்கு ஒரு சட்டை போதும், மற்றவை இருக்கலாம் என்றும் ஒரு விடை வந்தது. அந்த விடை தவறானது அல்ல. ஆனால் பத்து நாட்கள் ஒவ்வொரு காலையும் அந்தப் பைக்குள் கையை விட வேண்டியவன் நான். இருட்டில் எது யாருடையது என்று கை தேட வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் எடுத்தேன். மூன்று சட்டை, இரண்டு காற்சட்டை, மேலங்கி, தொப்பி. மேலங்கியின் விலைச்சீட்டு வெட்டப்படாமல் இருந்தது. அவற்றைக் கட்டிலில் அடுக்கினேன். பை பாதியாக அமுங்கியது. செம்பை வேட்டிக்குள் சுற்றி நடுவில் வைத்தேன். அது ஓரிடத்தில் நிற்காமல் உருண்டது. சவரப் பெட்டியும் புத்தகங்களும் திரும்ப உள்ளே போயின. பன்னிரண்டு கிலோ எண்ணூறு.

மைத்துனர் குளிரில் சிவந்த காதுகளுடன் திரும்பி வந்தார். கட்டிலைப் பார்த்தார். மிளகாய்த்தூளைக் கையில் எடுத்து, "இப்ப இடம் இருக்குத்தானே," என்றார்.

"அரைவாசி வையும்," என்றேன்.

தேநீர் குடித்தோம். புறப்படும்போது கதவடியில் நின்று, "எட்டாந் திகதி பிள்ளையோட நானும் கோவிலுக்குப் போறன். ஆரும் கேட்டால், அத்தான் அங்க நிண்டு செய்யிறார் எண்டு நானே சொல்லுவன்," என்றார்.

படிவத்தைப் பதினெட்டாம் திகதி அனுப்பினேன். பயணி: ஒருவர். உணவு: சைவ மரக்கறி, பெப்ரவரி 8 அன்று முற்பகல் உணவு வேண்டாம். பையின் எடை: 13.3 கிலோ.

இருபதாம் திகதி காலை 6.40க்கு நான் விழித்திருந்தேன். திவசம் அன்று இல்லை என்பதை அறிந்திருந்தும் குளித்து உடுத்து உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு எழுந்து, பையை மீண்டும் நிறுத்தேன்.

இதை எழுதும் இன்று வரை செய்யாதவை:

மலேரியா மாத்திரைகளை மருந்துக் கடையிலிருந்து எடுத்து வருதல்.
படையற் கறிகளின் பட்டியலை மகளுக்கு எழுதுதல். எனக்கு நான்கு கறிகளே நினைவில் உள்ளன. மைத்துனரிடம் கேட்க வேண்டும்.
கட்டிலில் உள்ள உடைகளை எங்கே வைப்பது என்று தீர்மானித்தல்.
எட்டாம் திகதி விடியற்காலை வாகனத்தில் எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றும், ஏரிக்கரைக்கு என்னுடன் வர ஒரு காவலர் வேண்டும் என்றும் முகாமுக்கு அறிவித்தல்.