கடலுக்கடியில் காற்று நின்றபோது

அன்று படகில் அக்காவின் கணவரான மச்சான், எஞ்சின் பார்க்கும் அண்ணாச்சி, நான் என்று மூன்று பேர். வழக்கமாக மச்சானுக்குக் கயிறு பிடிக்கும் என் அண்ணன் வரவில்லை, காய்ச்சலில் படுத்துவிட்டான். போன வருடம் மாசியில், தூத்துக்குடிக்குக் கிழக்கே சங்கு எடுக்கப் போயிருந்தோம்.

எங்கள் பக்கம் கடலில் சங்கு குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றைப் படகில் நின்று பிடிப்பது அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான். கூடப் பிறந்தவள் தாலி அறுவதற்கு எவன் விடுவான்? அதனால், வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் போன நான் அன்று கயிற்றைப் பிடித்தேன்.

கம்ப்ரசரிலிருந்து காற்று வரும் ஓஸ் குழாயை வாயில் கடித்துக்கொண்டு மச்சான் இறங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். பெல்ட் அறுந்து கம்ப்ரசர் நின்றுவிட்டது. இனிக் கீழே காற்று போகாது. ஆழத்திலிருந்து ஆளை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், வேகமாக ஏற்றினால் கை கால் விளங்காமல் போகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். "மெள்ள இழுலே, மெள்ள!" என்று அண்ணாச்சி கத்தியதும் காதில் விழுந்தது. கை கேட்கவில்லை. "சேசுவே, காப்பாத்தும்" என்று அலறிக்கொண்டே ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன்.

உயிர் மிஞ்சியது. கரை சேர்வதற்குள் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

"படிச்ச படிப்பு இதுக்குக்கூட உதவலியாலே?" ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா கேட்டாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

மாதா கோயிலில் நாற்பது நாள் முழங்காலில் நின்றேன். மச்சானின் ஒரு கால்விரல்கூட அசையவில்லை. கூப்பிட்டதற்கு இதுதான் பதிலா என்று கோயிலுக்குப் போவதையே விட்டேன்.

ஒரு ஞாயிறு காலை மச்சான் சொல்லியனுப்பினார். பூசைக்குப் போக வேண்டுமாம், ஆட்டோவில் தூக்கிவைக்க ஆள் வேண்டுமாம். போனேன். தூக்கும்போது வாய் பொறுக்கவில்லை.

"இன்னுமா மச்சான் சாமிய நம்புதீய?"

"ஏலே மாப்ள, தண்ணிக்கடியில கெடக்கும்போது உன் மூஞ்சி எனக்குத் தெரிஞ்சிச்சா? மேல நிக்கான்னு நம்பித்தான கெடந்தேன்."

"காத்து நின்னு போச்சே மச்சான்."

"நின்னுச்சு. நீ கயித்த விட்டுட்டியா? அத வச்சித்தான இன்னைக்கு உங்கிட்ட பேசிட்டு இருக்கேன்." என் கண்ணைப் பார்த்தவர் சட்டென்று பேச்சை மாற்றினார். "அழாதலே, கீழ போட்டுராத. இருக்க இடுப்பும் போயிரும்."

அவர் இனி நடக்கமாட்டார் என்றுதான் டாக்டர் சொல்கிறார். சாமி மேல் எனக்கிருந்த சந்தேகமும் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பதில் வராத நாளிலும் ஜெபிக்கப் பழகிவருகிறேன். இந்தக் கொஞ்ச விசுவாசத்துக்கு ஆன விலை, மச்சானின் இரண்டு கால்களும், அக்கா என்னோடு பேசாத பதினான்கு மாதங்களும்.