விசிறி திரும்பிச் சுற்றிய முகூர்த்தம்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேராவது எங்கள் அண்ணனைப் பந்தியிலிருந்து எழுப்பியிருப்பீர்கள். குறையாகச் சொல்லவில்லை. ஓராண்டாக அழுது ஓய்ந்த களைப்பில் உள்ளதைச் சொல்கிறேன்.

பல்லாவரத்தில் பிறந்த அண்ணன், அப்பா போன பிறகு படிப்பை விட்டுவிட்டு, திருமுடிவாக்கத்தில் மோட்டார் காயில் சுற்றும் பட்டறையில் சேர்ந்தார். அந்தச் சம்பாத்தியத்தில்தான் நான் டீச்சரானேன். பிறகு ஓட்டல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் சமையற்கட்டுப் புகையை வெளியே இழுக்கும் பெரிய விசிறிகளைப் பழுது பார்ப்பதே அவர் பிழைப்பானது. செல்போன் வாங்கியதிலிருந்து, விசிறி நின்றுவிட்டதென்று யாராவது கூப்பிட்டு, அவர் ஒருவாய்ச் சோறு நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

என் மகள் கல்யாணம் மாடம்பாக்கத்தில் நடந்தது. முகூர்த்த நேரத்தில் கரண்ட் போய், ஜெனரேட்டர் போட்டார்கள். சமையற்கட்டு முழுக்கப் புகை. காயில் எரிந்துவிட்டது, வேறு மோட்டார் வந்தால்தான் சமையல் என்று மாஸ்டர் கையை விரித்துவிட்டார். மேடையில் ஐயர் தாய்மாமனைக் கூப்பிடுகிறார். தாய்மாமனோ பட்டுச் சட்டையோடு அடுப்படியில் நிற்கிறார். நானே ஓடினேன்.

அண்ணன் வாழையிலைக் கிழிசல் ஒன்றை விசிறி முன் பிடித்தார். விசிறியின் கம்பி வலையில் போய் ஒட்ட வேண்டிய இலை, அவர் முகத்தில் வந்து அடித்தது.

"மோட்டார் நல்லாத்தான் கீது மாஸ்டர். திரும்பிச் சுத்துது. அதான் புகை உள்ள வருது."

ஜெனரேட்டரில் இரண்டு ஒயர்கள் இடம் மாறியிருந்ததால்தான் விசிறி எதிர்ப்பக்கம் சுற்றியது. அதைச் சரிசெய்ய மண்டபத்தையே இருட்டாக்க வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் அதற்கு மனமில்லாமல், விசிறியின் ஒயர்களை மட்டும் மாற்றிப்போட்டார். புகை குறைந்தது. மேடைக்கு வரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"கரண்ட் வந்தா மறுபடி திரும்பிடும்மா. நான் மாத்திப் போடணும். இவங்களும் மூச்சு விடணும்ல? நீ போ."

கெட்டிமேளத்தை அவர் அடுப்படியிலிருந்துதான் கேட்டார். எனக்கு இன்னும் அது ஆறவில்லை. அட்டையில் இருக்கும் படம், பந்தியெல்லாம் முடிந்தபின் எடுத்தது. துண்டை மார்போடு இழுத்துப் பிடித்திருப்பது கிரீஸ் கறையை மறைக்க.

கடைசியில் அவருக்கே மூச்சு வாங்கியது. எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டதற்கு, "ஓடுது சார், இழுக்கல" என்றார்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற எதிர்வீட்டுக்காரர்களுக்கும், கஞ்சி கொண்டுவந்த என் பள்ளித் தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்றைய மாஸ்டர்தான் இன்று இந்த முதலாண்டு நினைவு நாள் பந்திக்கும் சமைக்கிறார். கேள்விப்பட்டு அவராகவே வந்தார்.

இன்று முதல் இலை அண்ணனுக்கு. விசிறி நின்றால் நிற்கட்டும். யாரும் அவரை எழுப்ப வேண்டாம்.

— தங்கை