அண்ணிக்காக ஒரு பிரேக்

போன வாரம் இலுப்பூர் பஸ் ஸ்டாப்பில் என் கணவரின் அக்கா கையில் இரண்டு பைகளோடு நின்றிருந்தார். நான் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். "ராணி, நில்லு... நில்லு!" என்று கையைக் காட்டினார். நான் பல்லைக் காட்டிவிட்டு நேராகப் போய்விட்டேன்.

திமிரா? இல்லவே இல்லை. நாற்பத்தைந்து வயதில் சைக்கிள் கற்றவள் நான். ஓட்ட வரும் — நிறுத்த வராது. பாலத்துக் கட்டையோ மைல் கல்லோ இருந்தால் அதில் காலை ஊன்றி நிற்பேன், கிளம்புவதும் அதிலிருந்துதான். வீட்டிலிருந்து இலுப்பூர் வரை எங்கெங்கே கல் இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். பஸ் ஸ்டாப்பில் ஒரு செங்கல்கூட இல்லை. நான் என்ன செய்ய?

எங்கள் பக்கம், வழியில் சொந்தக்காரரைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "எங்கிட்டுப் போறீங்க, சாப்புட்டீங்களா?" என்று இரண்டு வார்த்தை பேசியாகவேண்டும். பேசாமல் போனால் பகை. அதுவும் நாத்தனாரிடம்! அன்று சாயங்காலமே போன் வந்தது.

"புது வீடு கட்டுனதும் ஒனக்குக் கண்ணு தெரியலையோ? பாலு காய்ச்ச வேற ஆளப் பாத்துக்க."

"அண்ணி, சத்தியமா எனக்கு நிப்பாட்டத் தெரியாது."

"ஓட்டத் தெரியுமாம்... நிப்பாட்டத் தெரியாதாம்ல!"

போனை வைத்துவிட்டார்.

புது வீட்டில் நாத்தனார்தான் பால் காய்ச்சவேண்டும். அவர் வராமல் என்ன கிரகப்பிரவேசம்? எனக்கு அழுகையே வந்துவிட்டது. கணவர் சைக்கிளை வெளியே எடுத்தார்.

"பிரேக்க மொத்தமாப் புடிக்காத, கொஞ்சம் கொஞ்சமாப் புடி. நிக்கப் போவுதுன்னு தெரிஞ்சதும் சீட்ட விட்டு முன்னால எறங்கி, எடது கால ஊனு."

கிளம்பும்போது வலது பெடல் மேலே இருக்கவேண்டுமாம். அதை மிதித்து, வண்டி நகர்ந்த பிறகுதான் சீட்டில் உட்காரவேண்டுமாம். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா மனிதர்? முழங்காலில் தோல் போனது, ஒரு மருதாணிச் செடி போனது... ஆனால் வந்துவிட்டது!

நேற்று காலை, முன்கூடையில் வெற்றிலை பாக்கோடு அண்ணி வீட்டுக்குச் சைக்கிளிலேயே போனேன். வாசலில் நின்றிருந்தார். பிரேக்கை மெல்லப் பிடித்து, அவருக்கு நேர் முன்னால், பூப்போல நிறுத்தினேன். பெருமை தாங்கவில்லை.

அண்ணி என் காலைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார்.

"இம்புட்டு நல்லா நிப்பாட்டுற... அப்ப அன்னைக்கு வேணும்னுதான போன?"

பால் காய்ச்ச வருகிறாராம் — தம்பி முகத்துக்காக மட்டும்.

தோழிகளே, சமாதானம் பேசப் போகிற இடத்தில் தயவுசெய்து கீழே விழுந்துவிடுங்கள்!