இல்லை என்று சொல்லத் தெரியாத ஓட்டக்காரன்

தராவாத் தீவு முழுக்க ஓடும் வேன்களில் மூன்று என்னுடையவை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான்; கப்பலில் கயிறு இழுத்தே இதையெல்லாம் சேர்த்தேன். ஓட்டத்திலும் அப்படித்தான். என் காலத்தில் கிரிபாஸ் நாடு முழுவதும் தேடினாலும் நூறு மீட்டரில் என்னை முந்த ஒரே ஒருவன்தான் இருந்தான். அவன் என் மனைவி தபேராவின் தம்பி பரனிக்கோ. அவனைப் பற்றி நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

பரனிக்கோ கள் இறக்குகிறவன். காலையும் மாலையும் பாட்டுப் பாடிக்கொண்டே தென்னை ஏறுவான். அந்தக் கால்கள் தரையில் இறங்கினால் நிற்காது. எங்களுக்கு ஓடுதளம் ஏது? கடல் வற்றினதும் கெட்டி மணலில் குதிகாலால் கோடு கிழித்து ஓடுவோம். தண்ணீர் ஏறினால் பயிற்சி முடிந்தது.

அந்த வருஷம் தீவு நாடுகளின் போட்டிக்கு எங்கள் இருவரையும் கடல் தாண்டிச் சுவா நகருக்கு அனுப்பினார்கள். அங்கே எங்கள் இருவரில் யார் குறைந்த நேரத்தில் ஓடுகிறாரோ, அவருக்கு உலகப் போட்டியில் ஓர் இடம். ஒன்றே ஒன்று.

அவன் இரண்டாவது ஓட்டம், நான் மூன்றாவது. பெயர் கூப்பிடப் பத்து நிமிஷம் இருக்கும்போது வெறுங்காலோடு என் முன்னால் வந்து நின்றான்.

"ஸ்பைக்ஸ் ஷூ எங்கடா?"

"குடுத்துட்டேன் மாமா."

"யாருக்கு?"

"ராபித் தீவுலேர்ந்து ஒருத்தர் வந்தாரு. நம்ம பெரியப்பா வழியாம். பையனுக்கு வேணும்னு கேட்டாரு."

எங்கள் ஆட்களில் உறவுக்காரர் வாய்விட்டுக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னவன் அதற்குப் பிறகு ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

"ஓடி முடிச்சுத் தரேன்னு சொல்றதுதானே?"

"அவருக்கு நாலு மணிக்குப் படகு, மாமா." தலையைச் சொறிந்தான். பிறகு என் கால்களைப் பார்த்தான். கால்களைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"டேய், வேணாம். கேக்காதே."

"மாமா, உங்க ஸ்பைக்ஸைக் கேக்கறேன்."

கேட்டே விட்டான்! என் மனைவியின் கூடப் பிறந்தவன் கேட்கிறான். கழற்றிக் கொடுத்தேன். "முடிஞ்ச அடுத்த நிமிஷம் இங்க வரணும், தெரியுதா?"

துப்பாக்கி வெடித்தது. என் ஸ்பைக்ஸில் பறந்தான் பாவி. பதினொன்று புள்ளி இரண்டு ஒன்று விநாடி. எங்கள் நாட்டில் அதுவரை யாரும் ஓடாத நேரம். கோட்டைத் தாண்டியவன் மூச்சுக்கூட வாங்காமல், ஸ்பைக்ஸைக் கழற்றிக் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு ஓரமாகத் திரும்பி ஓடி வந்தான். பாதி தூரத்தில் அவன், கோட்டில் குனிந்தபடி நான், என் ஓட்டத்துக்குத் துப்பாக்கி வெடித்துவிட்டது. அவன் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம், நான் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம். "மாமா, இந்தாங்க!" என்று கத்திக்கொண்டே என்னைக் கடந்து போனான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

வெறுங்காலில் நான் பதினொன்று புள்ளி மூன்று நான்கு. வெறுங்காலில்! எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பி மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் ஓடியது என் ஸ்பைக்ஸில் அல்லவா? நான்காம் நாள் தபேரா சொன்னாள்: "போய் அந்த இடத்தையே கேளுங்களேன். அவனுக்குத்தான் இல்லைன்னு சொல்ல வராதே."

நல்ல சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டேன். எதற்குப் போகிறேன் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. பத்துப் பேர் பின்னாலேயே வந்தார்கள். பரனிக்கோ தென்னை உச்சியில் இருந்தான். என்னைக் கண்டதும் பாட்டு நின்றது.

"இறங்குடா. ஒண்ணு கேக்கணும்."

அவன் இறங்கவில்லை. மட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவசர அவசரமாகக் கத்தினான்: "மாமா, நான் முதல்ல கேக்கறேன்! நீங்க கேக்க வந்தீங்களே, அதைக் கேக்காதீங்க!"

பின்னால் நின்ற பத்துப் பேரும் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள், சிரிப்புத் தாங்காமல். கேட்டுவிட்டானே! நான் எப்படி இல்லை என்பது? எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"சரிடா, குடுத்தேன்! இறங்கு, கள்ளாவது ஊத்து!"

உலகப் போட்டிக்கு அவன்தான் போனான். ஓடிய அன்று கூடப் போனவர் போன் செய்தார். எட்டுப் பேரில் ஏழாவது; நேரம் பதினொன்று புள்ளி பூஜ்ஜியம் ஆறு. உலகத்தில் ஒருவன் எங்கள் பரனிக்கோவுக்குப் பின்னால் வந்திருக்கிறான்! தெருவே ஆடியது. மூன்று வேன்களையும் ஹார்ன் அடித்துக்கொண்டே பைரிக்கி வரை ஓட்டச் சொன்னேன். அன்று யாரிடமும் டிக்கெட் வாங்கவில்லை.

தபேரா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நீங்க போயிருந்தா?"

"ஆறாவது" என்றேன்.