ஏழாம் மேசைக்கு விட்ட தண்ணீர்

தொட்டி மாற்றி நட்ட கஞ்சாக் கன்றைப் பிழைக்க வைக்கிற வேலையில் மிகக் கடினமான பகுதி, ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். பனிக்காலம் முழுக்க யன்னலோரம் கறிவேப்பிலைக்குக் காவல் இருந்து, வசந்தம் வந்ததும் ஆசையாகப் பெரிய தொட்டிக்கு மாற்றி, அது வாட வாட ஊற்றி ஊற்றியே கொன்றவர்கள் மொன்றியலில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

என்ன பூ?

பியர்பொன்ட்ஸில் மகள் வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறி, கர்க்லாண்டையும் தாண்டி, கஞ்சா வளர்க்கிற கண்ணாடிக் கூடத்துக்கு வேலைக்குப் போவேன். அரசாங்க அனுமதியோடு நடக்கிற இடம். கதவுக்கு அட்டை, தலைக்கு மேலே கமரா, ஒவ்வொரு கன்றுக்கும் ஓர் இலக்கம். கணவர் போன பிறகு, வீட்டில் சும்மா இருந்தால் யன்னலோடு கதைக்கத் தொடங்கிவிடுவேன் என்ற பயத்தில் அறுபத்தேழு வயதில் சேர்ந்தேன். கேட்பவர்களுக்குப் பூக்கன்று வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். முழுப் பொய் இல்லை. அதுவும் பூக்கத்தான் செய்கிறது.

ஒருநாள் திரும்பி வரும்போது, கோயிலில் பழக்கமான ஒரு பெண் பக்கத்தில் வந்து அமர்ந்தார். இரண்டு தரிப்பு வரைக்கும் பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தார். பிறகு மூக்கைச் சுளித்து, என் கோட்டை ஒருமுறை பார்த்து, குரலைத் தாழ்த்தினார்: "அக்கா, என்ன பூவெண்டாலும் பரவாயில்லை, இந்தக் கோட்டோட மட்டும் கோயிலுக்கு வந்திடாதேங்கோ."

தாளில் ஒரு கையெழுத்து

அன்ரன் மன்னார்க்காரர். நாற்பது வயது. எங்களிடம் சேர்ந்து மூன்று மாதப் பரீட்சைக்காலம் முடியப்போகிற நேரம் அது. வேலை நிரந்தரம் என்று ஒரு கடிதம் கிடைத்தால், மனைவியை இங்கே எடுப்பதற்கான மனுவோடு சேர்த்து அனுப்புவதற்காகக் காத்திருந்தார். கன்றை மண்ணில் வைக்குமுன் பெருவிரலால் அதில் சின்னதாக ஒரு சிலுவை போடுவார். அதற்குப் பிறகு வேரைத் தொடமாட்டார்.

எங்கள் விதி எளிது. நட்ட அன்று ஒரு தரம் தண்ணீர். பிறகு தொட்டியைத் தூக்கிப் பார்த்து, பாரம் குறைந்திருந்தால்தான் அடுத்தது. உரம் கூடாது, கடும் வெளிச்சம் கூடாது. தண்ணீர் விட்டவர் மேசையில் தொங்கும் தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஏழாம் மேசையில் அறுபது கன்று நட்டு, அன்ரன் கையெழுத்து வைத்தார். எங்கள் பொறுப்பாளர் மாரி-ஈவ் அதைப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் சொன்னாள்: "இந்த அறுபதும் நிமிர்ந்து நின்றால், உன் கடிதத்தில் நானும் கையெழுத்து வைக்கிறேன்."

முதல் பேருந்து

முதல் பேருந்தைப் பிடித்தால் நாற்பது நிமிடம் முந்திப் போய்ச் சேருவேன். அடுத்ததைப் பிடித்தால் பிந்திவிடும். புதன் காலை கூடத்தில் நான் மட்டும். ஏழாம் மேசைக் கன்றுகள் தலை தொங்கி நின்றன. இடம் மாறிய கன்று இரண்டு மூன்று நாள் அப்படித்தான் நிற்கும் என்று எனக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் புகையிலைக் கன்று நட்டால் காலையும் மாலையும் தண்ணீர் விடுகிற வீட்டில் வளர்ந்தவள் நான். அது செம்மண், விட்டது கீழே போய்விடும். இந்தத் தொட்டிக்குள் இருப்பது பஞ்சு மாதிரிக் கறுத்த மண், குடித்ததை இலேசில் விடாது. இதெல்லாம் தலைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு மிடறு விட்டேன். தாளில் எழுதவில்லை. எழுதினால் குற்றம், எழுதாவிட்டால் இரக்கம் என்று நினைத்தேனோ என்னவோ. வியாழனும் விட்டேன். அன்று வாசலில் வந்த அன்ரன் என்னைக் கண்டு சிரித்தார்: "என்ன அன்ரி, வெள்ளன வந்து என்ரை பிள்ளையளுக்குக் காவல் நிக்கிறியளோ?"

பாரம்

தாகத்தில் வாடிய இலை கடதாசி மாதிரி மெலிந்து தொங்கும். கூடக் குடித்த இலை தடித்து, நுனி உள்ளே சுருண்டு, நனைந்த துணியின் பாரத்தோடு தொங்கும். வெள்ளிக்கிழமை ஏழாம் மேசை முழுக்க இரண்டாவது வகை. அடியிலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன.

அன்ரன் ஒரு தொட்டியைத் தூக்கினார். கீழே வைத்தார். இன்னொன்றைத் தூக்கினார். தாளைப் பார்த்தார். அதில் அவருடைய ஒரேயொரு கையெழுத்து. நான் போய்க் கம்பித் தட்டை இழுத்து வந்தேன். இருவருமாகத் தொட்டிகளைக் கம்பித் தட்டில் ஏற்றி, அடியில் காற்றுப் போகவிட்டு, மேசைக்கு மேலிருந்த விளக்கைக் குறைத்தோம். கமரா எங்களுக்கு மேலே விழித்துக்கொண்டிருந்தது. அன்ரன் என்னைப் பார்க்காமல், தொட்டிகளைப் பார்த்துச் சொன்னார்: "நித்திரை இல்லாமல் நான்தான் ரெண்டாந்தரம் விட்டிருக்கிறன் போல அன்ரி, மனிசி அங்க நாள் எண்ணிக்கொண்டு இருக்கிறாள், அவளுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

சனிக்கிழமை

அந்த வசனத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மகள் ஜான்-டலோன் சந்தைக்குக் கூட்டிப்போனாள். ஒரு கடையில் அவள் நீட்டிய சின்னத் துளசித் தொட்டியைக் கையில் வாங்கினேன். தூக்கினேன், இறக்கினேன், திரும்பத் தூக்கினேன். கடைக்காரர் என்னையே பார்த்தார். மகள் காதோடு சொன்னாள்: "அம்மா, அது துளசி, அதை ஏன் இப்பிடி விசாரிக்கிறியள்?"

திங்கட்கிழமை

மாரி-ஈவ் கன்றுகளை அழிப்பதற்கான படிவத்தோடு வந்தாள். ஒன்றும் நிமிர்ந்திருக்கவில்லை. "விதியைப் பின்பற்றத் தெரியாதவரை வைத்திருப்பது கஷ்டம்" என்று தொடங்கினாள். அன்ரன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "என்ரை பிழை" என்று சொல்ல வாயெடுத்தார்.

என் பிரெஞ்சு தக்காளி வாங்கப் போதும், மன்னிப்புக் கேட்கப் போதாது. "நான். தண்ணீர். இரண்டு காலை" என்று மூன்று துண்டாகச் சொன்னேன். அன்ரன் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுதமாட்டேன். மாரி-ஈவ் படிவத்தை மடித்தாள். கண்ணால் கமராவைக் காட்டினாள்: "மதாம், நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் மத்தியானம் பதிவைப் பார்க்கும்போது அது சொல்லியிருக்கும், வியாழன் வரைக்கும் பார்ப்போம், நீங்கள் அந்த மேசைக்குக் கிட்டப் போகக் கூடாது."

வியாழன்

மூன்று நாளும் அன்ரன் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டு அறையில் வேறு மேசையில் இருந்தார். நான் தூரத்தில் நின்று, அவர் தொட்டிகளைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதைப் பார்த்தேன். செவ்வாய் ஒன்றுமில்லை. புதன் பின்னேரம் ஓரத்துக் கன்று ஒன்று கழுத்தைத் தூக்கியதுபோல் இருந்தது. என் கண்ணின் ஆசை என்று விட்டுவிட்டேன்.

வியாழன் காலை நாற்பத்தொன்பது கன்றுகள் நிமிர்ந்து நின்றன. உச்சியில் நகம் அளவு வெளிறிய பச்சைத் துளிர். மற்றப் பதினொன்றையும் இருவர் சாட்சியாக எண்ணி, இலக்கம் எழுதி, அழித்தார்கள். அந்தச் சாட்சிகளில் ஒருத்தியாக என்னை நிற்கச் சொன்னாள் மாரி-ஈவ். அதற்குப் பிறகு, பதினொன்று போனது அவர் பிழையில்லை என்று சொல்லி, அன்ரனின் கடிதத்தில் கையெழுத்து வைத்தாள்.

பின்னேரம் கோட்டு மாட்டுகிற இடத்தில் அன்ரன் என் முன்னால் வந்து நின்றார். கோபம் முழுக்கப் போகவில்லை. கடிதத்தைச் சட்டைப்பைக்குள் இருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மனிசி வந்தாப் பிறகு உங்கட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாறன் அன்ரி, தேத்தண்ணி குடுங்கோ, ஆனா ஒரு கோப்பைதான்."

என்னை இப்போது வெறுந்தொட்டி கழுவுகிற பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே எவ்வளவு தண்ணீர் விட்டாலும் வாடுவதற்கு யாருமில்லை.