தறி ஓடினால் கெட்டிக்காரி

வல்லாரைக் கீரையை எவ்வளவு தேங்காய் போட்டு அரைத்தாலும் அதன் கசப்பு அடிநாக்கில் ஒட்டிக்கொண்டு மத்தியானம் வரை இறங்காது. அந்தக் கசப்போடுதான் என் பள்ளிக்கூடக் காலைகள் எல்லாம் விடிந்தன. பல்லடத்தில் எங்கள் தெருவில் வேறு எந்தப் பிள்ளைக்கும் அந்தத் தண்டனை கிடையாது. எனக்கு "ஞாபக மறதி" என்று அம்மா முடிவு கட்டிவிட்டதால், துவையல், தோசை, ரசம் என்று ஏதாவதொரு வேஷத்தில் வல்லாரை என் தட்டுக்கு வந்து சேரும். வீட்டுக்கு வருகிற "ஒரம்பரை" ஜனம்கூட வாழைப்பழத்துக்குப் பதில் ஒரு கட்டு வல்லாரையோடு வந்து இறங்கும். நான் ஆடாக மாறாததுதான் பாக்கி.

போன வருஷம் மாரியம்மன் நோம்பிக்கு யார் என்ன நிறத்தில் சேலை கட்டினார்கள் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். ஆனால், "கண்ணு, பொடக்காளிக் கதவைச் சாத்திப்போட்டு, கொடியில கெடக்கற துணிய மடிச்சு வெச்சுப்போட்டு, அப்பனுக்குத் தண்ணி கொண்டுபோயிக் குடு" என்று அம்மா ஒரே மூச்சில் சொன்னால், கொல்லைக் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றுவிடுவேன். மீதி எங்கே போயிற்று என்று சத்தியமாகத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் "மனக்கணக்கு" வந்தால் தொலைந்தேன். வாத்தியார் கணக்கின் கடைசிக்கு வருவதற்குள் முதல் பாதி என்னிடம் இருக்காது. அதே கணக்கைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் முதலில் கை தூக்குவது நான்தான். இதை ஒரே ஒரு மனுஷராவது கவனித்திருக்க வேண்டாமா? "வேணும்னே பண்றாளுங்க" என்றார் வாத்தியார். "மண்டைக்குள்ள என்னத்தத்தான் வெச்சிருக்கறே?" என்றாள் அம்மா. தெரிந்தால் சொல்ல மாட்டேனா!

வீட்டை ஒட்டியே அப்பாவின் "தறிக்குடோன்". விசைத்தறிகள் ஓட ஆரம்பித்தால் காதோரம் வந்து கத்தினாலும் கேட்காது என்பதால் அங்கே எல்லாமே கைச்சாடைதான். அப்பா விரலைச் சுழற்றினால் நூல் சுற்றிய தார் வேண்டும் என்று அர்த்தம். இரண்டு விரலால் வெட்டிக் காட்டினால் இழை அறுந்துவிட்டது, தறியை நிறுத்த வேண்டும். சாடையில் ஒரு சமயத்துக்கு ஒன்றைத்தான் சொல்ல முடியும். அதை முடித்துவிட்டு நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தால்தான் அடுத்தது வரும். அந்தக் குடோனுக்குள் நான் எதையுமே மறந்ததில்லை. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "இவ கை தறிக்குன்னே பொறந்ததுங்க" என்று பாவு நூல் கொண்டுவருகிறவரிடம்கூடச் சொல்வார்.

உண்மை தெரிய ஒரு வாய்ப்பு வந்தது. ஒருநாள் கரண்ட் போய்த் தறிகள் எல்லாம் நின்றன. சத்தம் அடங்கியதும் அப்பா வாயைத் திறந்து, "அம்மணி, தாரை அக்கட்டால வெச்சுப்போட்டு, அந்தக் கழிவு நூலக் கூட்டி அள்ளிப்போட்டு, மெக்கானிக் வாராரான்னு பாத்துட்டு வா" என்றார். தாரை அந்தப் பக்கம் வைத்துவிட்டு முழித்துக்கொண்டு நின்றேன். பதில் அவர் கண்ணெதிரே நின்றது! அவரோ, "கரண்ட் போனா இவளுக்கும் சேந்து போயிருது" என்று சிரித்தார், தறிக்காரர்களும் சிரித்தார்கள். அந்த வருஷம் எட்டாவதோடு என் படிப்பை நிறுத்தினார்கள். படிப்பு ஏறாத பிள்ளை, தறியாவது ஓட்டட்டும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். நான் மூன்று நாள் சாப்பிடாமல் அழுதேன். வல்லாரை போதவில்லை என்றாள் அம்மா.

கல்யாணத்துக்குப் பிறகு தனித்தேர்வராக எழுதித்தான் மேலே படித்தேன். அச்சடித்த கேள்வித்தாள் நல்லது. எத்தனை தரம் திரும்பப் படித்தாலும் சலித்துக்கொள்ளாமல் அப்படியே இருக்கும்.

இப்போது கோயமுத்தூரில் என் மகள் நாலாவது படிக்கிறாள். அவளும் கதவைச் சாத்திவிட்டு நிற்கிற ஜாதிதான். அவளைச் சோதித்த மனநல ஆலோசகர், "அறிவுல ஒரு கொறையும் இல்லைங்க. கேட்டதைக் கொஞ்ச நேரம் மனசுல பிடிச்சு வெச்சுக்கற எடம் சின்னதா இருக்குது. ஒண்ணொண்ணாச் சொல்லுங்க, எழுதிக் காட்டுங்க" என்றார். அவ்வளவுதான். இந்த இரண்டு வரியைச் சொல்ல எங்கள் ஊரில் ஒரு ஆள் இல்லாமல் போனதே என்று எனக்கு வந்த ஆத்திரத்தில், அவருக்கு நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லை.

குடோன் இருந்த இடத்தில் இன்று கார் நிறுத்துகிறார்கள். அந்தச் சத்தம் போய்விட்டது, அதோடு அப்பாவின் காதும். வல்லாரை மட்டும் போகவில்லை. மாத்திரையாகி, டப்பாவில் அடைபட்டு, பேத்திக்கென்று அம்மா கொடுத்தனுப்பி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. கொண்டுவந்த அப்பா ஒரு வாரம் தங்கினார். வாயால் பேசுவதை அநேகமாக விட்டுவிட்ட மனிதர் பேத்தியிடம் எல்லாம் சாடைதான் காட்டினார்: கண்ணாடி; அவள் கொண்டுவந்து கொடுத்து முகத்தைப் பார்த்ததும், தண்ணீர்; அப்புறம், ஃபேன். ஒன்றும் தப்பவில்லை.

கிளம்புகிற அன்று, காது கேளாதவர்களுக்கே உரிய பெருங்குரலில் தெருவுக்கே கேட்கும்படி என்னிடம் சொன்னார்: "கண்ணு, இவ படு சூட்டிகை. நீ பாட்டுக்கு நிறுத்திப்போடாத, நல்லாப் படிக்க வெய்யி. உன்ற மாதிரி இல்ல, சொன்னதெல்லாம் ஞாபகம் வெச்சுக்கறா."

எட்டாவதிலிருந்து சேர்த்துவைத்த அத்தனையையும் கொட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவருக்குத்தான் காது கேட்காதே. அதைச் சொல்ல எங்கள் குடோனில் சாடையும் இல்லை.